எங்கள் நாலெழுத்து ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆட்டத்தை நடத்துவது யார்?

இரண்டு பேர். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குக் கணக்கெழுதப் போகிறவன். இன்னொருவர் என் அத்தை, அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நிரல் என் பொறுப்பு, சொல் அவர் பொறுப்பு. 'உங்கள் நிறுவனத்தில் வேலை காலி இருக்கிறதா?' என்று கேட்டு மாதம் ஒரு கடிதமாவது வருகிறது. நிறுவனம் என்பது அத்தை வீட்டுத் திண்ணை. அதில் உட்கார இடம் இருக்கிறது, சம்பளம் கிடையாது.

எப்படி ஆடுவது?

நாளுக்கு ஒரு மறைசொல். அதைக் கண்டுபிடிக்க நான்கு கட்டம், எட்டு வாய்ப்பு. ஒரு நாலெழுத்துச் சொல்லைப் போடுங்கள். எழுத்தும் இடமும் சரியென்றால் கட்டம் பச்சையாகும். எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். மெய் சரி, அதன் மேல் ஏறிய உயிர் வேறு என்றால் நீலம். விடை 'முந்திரி' என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'மந்திரி' போட்டால் முதல் கட்டம் நீலம், மற்ற மூன்றும் பச்சை. பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் துப்பு தேவைப்படாது.

இலக்கணம் தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. தமிழ்ச் சொல் எதுவும் ழகரத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துபோன மொழிமுதல், மொழியிறுதி விதிகள் இங்கே இரண்டு வாய்ப்பையாவது மிச்சப்படுத்தும்.

இது வேர்டிலின் நகல்தானே?

அதைப் பார்த்துத்தான் தொடங்கினேன், மறைக்க ஒன்றுமில்லை. 2022 பொங்கல் விடுமுறையில் வாட்ஸ்அப் முழுக்கப் பச்சை மஞ்சள் கட்டங்களாக வந்து விழுந்தன. என்னவென்று விசாரித்தபோது நியூயார்க்கின் புரூக்ளினில் வாழும் ஜாஷ் வார்டில் என்ற ஒற்றை மனிதர் செய்த, நாளுக்கு ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் என்றார்கள். சொல் விளையாட்டில் ஆர்வமுள்ள தம் துணைவி பலக் ஷாவுக்காக அவர் செய்தது. 2021 அக்டோபரில் வெளியிட்டார். நவம்பர் 1ஆம் தேதி ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2ஆம் தேதி மூன்று லட்சம் பேர். விளம்பரம் இல்லை, செயலி இல்லை, வெறும் இணையப் பக்கம். அந்த மாதம் முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது.

ஆனால் வேர்டிலும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1955இல் 'ஜாட்டோ' என்று காகிதத்தில் ஆடும் ஆட்டம் வந்தது. எதிராளி மனத்தில் வைத்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். 1987இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'லிங்கோ' என்ற போட்டி வந்தது. அதன் பிரெஞ்சு வடிவமான 'மோட்டுஸ்' 1990 முதல் 2019 வரை பிரான்சில் ஓடியது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களில் சிலருக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. வேர்டில் வந்த கையோடு பிரான்சில் ஒருவர் அந்த மோட்டுஸை இணையத்துக்குக் கொண்டுவந்து, பெயரைத் தலைகீழாகத் திருப்பி 'சுட்டோம்' என்று வைத்தார். தமிழ்க் காதில் இது எப்படி விழும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முத்தியால்பேட்டையில் என் நண்பனின் தாயார் தினமும் காலையில் அதை ஆடுகிறார். 'இன்று சுட்டாயிற்றா அம்மா?' என்று கேட்டால் தோசைக்கரண்டியைக் காட்டுவார்.

பாட்டி வடை சுட்டாள், காகம் அதைக் கொண்டுபோனது, நரி காகத்திடமிருந்து பறித்தது. சொல் விளையாட்டின் வரலாறும் ஏறத்தாழ அதுதான். இதில் யார் பாட்டி என்பதுதான் தகராறு.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எதையும் எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. இதில் ஒரு கொல்கத்தா கதை இருக்கிறது. ஆட்டம் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

ரஜத் அகர்வாலா, ஜயந்த் அகர்வாலா என்ற சகோதரர்கள், பலகையில் எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளை இணையத்தில் ஆடும்படி அமைத்து 'ஸ்கிராபுலஸ்' என்று பெயரிட்டார்கள். 2007இல் அது ஃபேஸ்புக்குக்குள் வந்தது. லட்சக்கணக்கானோர் ஆடினார்கள். ஸ்கிராபிளின் உரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடம், மற்ற நாடுகளில் மேட்டல் நிறுவனத்திடம் இருக்கிறது. தாங்கள் கவனிக்காமல் விட்ட இடத்தில் இரண்டு இளைஞர்கள் கடை போட்டுக் கூட்டம் சேர்த்த பிறகுதான் இரண்டுக்கும் விழிப்பு வந்தது. 2008 ஜூலையில் ஹாஸ்ப்ரோ நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க, கனடா ஆட்டக்காரர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஆட்டம் மூடப்பட்டது. மேட்டல் தில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

செப்டம்பரில் வந்த இடைக்கால உத்தரவைத்தான் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் விஷயத்தில் நீதிமன்றம் மேட்டல் பக்கம் நின்றது. ஸ்கிராபிள் என்பது வணிகச் சின்னம், அதைப்போல் ஒலிக்கும் பெயரை வைக்கக் கூடாது. பலகைக்கும் விதிகளுக்கும் பதிப்புரிமை கேட்டதை மட்டும் ஏற்கவில்லை. சகோதரர்கள் பெயரை 'லெக்சுலஸ்' என்று மாற்றிக்கொண்டு தொடர்ந்து நடத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஹாஸ்ப்ரோவும் வழக்கைத் திரும்பப் பெற்றது.

ஆக, விதி பொது, பெயர் சொந்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சேற்று நிலம் இருக்கிறது. கட்டத்தின் அமைப்பு, நிறம், பக்கத்தின் தோற்றம் ஆகியவை யாருக்குச் சொந்தம்? 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வேர்டில் போன்ற ஆட்டங்களை நீக்கச் சொல்லி அறிவிப்புகள் அனுப்பியது. ஒருவர் பொதுவில் வைத்திருந்த நிரலை எடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் மொழிக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றியிருந்தார்கள். அவையெல்லாம் அதில் அடிபட்டன. நீதிமன்றம் போனால் என்ன தீர்ப்பு வந்திருக்கும் என்ற கேள்விக்கே இடம் வரவில்லை. சின்ன ஆட்கள் வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்தே கடையைச் சாத்திவிடுவார்கள். பெரிய நிறுவனத்துக்கு இருக்கும் உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, சட்டத்துக்குச் செலவழிக்கப் பணம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் தொகுப்புகளும் கணினித் தரவுத்தொகுப்புகளும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வருகின்றன. அதாவது விதிக்கு இல்லாத காப்பு, பாடுபட்டுச் சேர்த்த சொற்பட்டியலுக்கு உண்டு. மற்றவர் அகராதியிலிருந்து நாம் அள்ளக் கூடாது என்பதும் இதிலேயே அடங்கும்.

ஏன் நாலு எழுத்து? ஆங்கிலத்தில் ஐந்துதானே?

'நாலெழுத்துப் படித்தவர்' என்றுதானே நம் ஊரில் சொல்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை 26. தமிழில் 247, கிரந்தம் தனி. ஐந்து கட்டம் வைத்துச் சோதித்தபோது அத்தையே மூன்று நாள் தோற்றார். நாலுக்கு இறங்கினோம், நீல நிறத்தைச் சேர்த்தோம்.

என் கைபேசியில் சரியான விடையைப் போட்டும் தவறு என்று காட்டியதே?

அது எங்கள் தவறு. 2023இல் நடந்தது, இப்போது சரிசெய்துவிட்டோம். என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தமிழில் ஆட்டம் செய்ய வரும் பெரிய நிறுவனங்களும் இதே பள்ளத்தில் விழுகின்றன.

கணினிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஒருங்குறி (யூனிகோடு) எண்கள்தான் தெரியும். 'கொடி' நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு நான்கு: க, அதன் கொம்பும் காலும் சேர்ந்த ஒரு குறி, ட, அதன் சுழிக்கு ஒரு குறி. என் முதல் நிரல் கணினியின் கணக்கை நம்பி 'கொடி'க்கு நான்கு கட்டம் போட்டது. இரண்டு கட்டங்களில் எழுத்தில்லாமல் வெறும் குறிகள் புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கின. அத்தை பார்த்துவிட்டு, 'பிள்ளையை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாய்' என்றார்.

அதைச் சரிசெய்த பிறகு வந்தது 'தொட்டில்'. ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் தட்டலாம், கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இரண்டு எண்களாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் நிரல் எழுதுகிறவன் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நான் ஒன்றாக்கவில்லை. பழைய விசைப்பலகை வைத்திருந்த சிதம்பரத்து ஆசிரியர் ஒருவர் 'தொட்டில்' என்று சரியாகத் தட்டித் தோற்றுப்போனார். திரையைப் படமெடுத்து, 'இதில் எது தொட்டில் இல்லை?' என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

சொற்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கணினியே செய்துவிடாதா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

தொடக்கத்தில் விக்சனரி என்ற இணைய அகராதியிலிருந்து நாலெழுத்துச் சொற்களைத் திரட்டினேன். அதன் உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். அச்சகராதிகளைத் தொடவில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு ஆடுகிறவர்களுக்கு அதில் பாதி நிகண்டு. 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எது இன்று புழங்கும் சொல் என்று பார்க்க அத்தைக்குத் துணை. அதைப் புரட்டிப் பார்க்கலாம், படியெடுக்கக் கூடாது.

திரட்டியதை அச்செடுத்து அத்தையிடம் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்காருவார். ஒரு கையில் சிவப்புப் பென்சில், பக்கத்தில் தேநீர். ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நிற்பார். அவருக்குப் புரிந்தால் சரி என்று குறி, புரியாவிட்டால் அடித்தல். இரண்டு மாதத்தில் பட்டியல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, புரூக்ளினிலும் இதுதான் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து பலக் ஷா தமக்குத் தெரிந்தவற்றைப் பிரித்து ஏறத்தாழ 2,500 ஆக்கியிருக்கிறார். வேர்டிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நிரலைப் பேசுகிறார்கள். அந்த 2,500தான் ஆட்டம் என்பது என் கட்சி.

அத்தை அடித்தவற்றில் ஒருவகை, சாதியைச் சொல்லி இழிக்கும் பழைய சொற்கள். அகராதியில் இருக்கின்றன, இருக்கத்தான் வேண்டும். விடையாக ஒருவர் வீட்டுக் காலைப்பொழுதில் போய் விழக் கூடாது. நியூயார்க் டைம்ஸும் வேர்டிலை வாங்கிய சில வாரங்களிலேயே விடைப்பட்டியலிலிருந்து மனத்தைப் புண்படுத்தும் சில சொற்களை நீக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் சொல் தேர்வுக்கென்றே ஓர் ஆசிரியரையும் நியமித்தது. பணம் இருக்கும் இடத்திலும் கடைசியில் ஓர் ஆள் உட்கார்ந்து பென்சில் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குச் சற்று ஆறுதல்.

கணினி செய்யுமா என்று கேட்டீர்கள். சென்ற ஆண்டு வெளியூர் நிறுவனம் ஒன்று எங்கள் ஆட்டத்தை விலைக்குக் கேட்டது. ஆட்டக்காரர்கள் வேண்டும், அத்தை வேண்டாம் என்பது பேச்சின் சாரம். 'சொல் தேர்வை எங்கள் இயந்திரம் ஒரு மதியத்தில் முடித்துவிடும்' என்று சொல்லி 100 சொற்களை மாதிரிக்கு அனுப்பினார்கள். அத்தை அதை விடைத்தாள் போலத் திருத்தினார். 'மரத்தை', 'வீட்டில்', 'பள்ளியை' ஆகியவை வேற்றுமை ஏறியவை. 'கொடுத்த' அந்தரத்தில் நிற்கும் பெயரெச்சம். 'முருகன்' சாமி, ஆட்டத்துக்கு வரமாட்டார். கடைசியில் ஓரத்தில் 38 என்று மதிப்பெண் போட்டு வட்டமிட்டு, 'பெற்றோர் கையொப்பம்' என்று கோடும் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதில் வரவில்லை.

'வந்தேன்' என்ற சொல்லை முதலில் ஏற்கவில்லையே?

ஏற்கவில்லை. அகராதியில் 'வா' இருக்கும், 'வந்தேன்' இருக்காது. ஒரு வினையடியிலிருந்து காலம், இடம், பால், எண் என்று கிளைத்து வருவனவற்றை எந்த அகராதியும் அச்சிட்டு மாளாது. 'நான் வந்தேன், உங்கள் ஆட்டம்தான் வரவில்லை' என்று நெய்வேலியிலிருந்து ஒருவர் எழுதினார். இப்போது வினைமுற்றுகளை உருவாக்கித் தரும் சிறு நிரல் ஒன்று சேர்த்திருக்கிறோம். ஊகிக்க எதையும் போடலாம். விடை மட்டும் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே இருக்கும்.

'டிக்கெட்' தமிழா?

இதற்கு வந்த கடிதங்களைச் சேர்த்தால் தனி நூலாகும். தொல்காப்பியப்படி டகரம் சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய் கடைசியில் வராது. டிக்கெட் இரண்டு பக்கமும் வேலி தாண்டிய சொல். அத்தை ஒரு வாரம் யோசித்தார். பிறகு, 'மஞ்சக்குப்பத்தில் ஏறி நடத்துநரிடம் நீ என்ன கேட்கிறாய்?' என்று என்னைக் கேட்டார். 'டிக்கெட்' என்றேன். குறி விழுந்தது.

'புலுவார்' வேறு கதை. புதுச்சேரியில் பழைய ஊரைச் சுற்றிய அகன்ற சாலைகளுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர், இன்றும் அங்கே பெரியவர்கள் வாயில் இருக்கிறது. எல்லையான முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் யாருக்கும் தெரியாது. அதை ஊகிக்க ஏற்கிறோம், விடையாக வைப்பதில்லை. புதுச்சேரி வாசகர்கள் இதை ஓரவஞ்சனை என்கிறார்கள். இருக்கலாம்.

பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களிலும் தமிழ் இருக்கிறதே, அவற்றை ஏன் ஆடக் கூடாது?

தாராளமாக ஆடுங்கள். நானே ஆடுகிறேன். அசைவும் ஓசையும் வழவழப்பும் எங்களால் நினைத்துப் பார்க்க முடியாதவை. ஆனால் பலவற்றில் தமிழ் என்பது இருபது மொழிப் பட்டியலில் ஒரு வரி. ஆட்டம் ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை, நமக்குத் தோள் மட்டும் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். அப்படியொன்றில் மெய்யெழுத்தில் தொடங்கும் 'சொல்' ஒன்றைப் பார்த்தேன். வரி மடங்கியபோது உடைந்த பாதிச்சொல் அது. எழுதித் தெரிவித்தேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஆங்கிலத்தில் உடனே பதில் வந்தது. அந்தப் பாதிச்சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் மேல் வெறுப்பெல்லாம் இல்லை. பெரிய ஆட்டங்களின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். விளம்பரம் கொடுத்து ஆட்களைச் சேர்ப்பார்கள். ஓர் ஆளைச் சேர்க்க ஆன செலவை, அந்த ஆள் பார்க்கும் விளம்பரத்திலும் வாங்கும் துப்புக் காசுகளிலும் திரும்ப எடுக்க வேண்டும். இந்தியாவில் விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை அமெரிக்காவில் கிடைப்பதைவிடக் குறைவு, தமிழுக்கென்று வருவது அதிலும் சிறு பகுதி. ஆகவே தமிழுக்கென ஒருவரைச் சம்பளத்துக்கு உட்கார்த்திவைத்தால் கணக்கு கட்டுபடியாகாது. கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்களுக்குக் கட்டுபடியாவதற்கு ஒரே காரணம், அத்தை சம்பளம் வாங்குவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

செலவு எவ்வளவு? வருமானம்?

இணைய முகவரிக்கும் வாடகைக் கணினிக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள். வருமானம் இல்லை. ஒருமுறை வாசகர் ஒருவர் அத்தைக்குப் பலாப்பழம் அனுப்பினார். கணக்கில் ஏற்றவில்லை.

ப்ளே ஸ்டோரில் ஏன் செயலி இல்லை?

கட்டணம் பெரிதல்ல. கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். உள்ளே விற்பனை நடந்தால் ஆண்டில் முதல் பத்து லட்சம் டாலர் வரை கூகுள் 15 சதவீதம் எடுக்கிறது. ஆப்பிளும் சிறு தயாரிப்பாளர்களுக்கு 2021 முதல் 15 சதவீதமாகக் குறைத்திருக்கிறது, பெரியவர்களுக்கு 30. விற்க ஒன்றுமில்லாத எங்களுக்கு இந்தச் சதவீதங்கள் வேடிக்கை பார்க்கத்தான்.

தடை வேறு இடத்தில். 2023 நவம்பருக்குப் பிறகு கூகுளில் கணக்குத் தொடங்கும் தனிநபர், செயலியை வெளியிடும் முன் குறைந்தது 20 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. பின்னர் 20 என்பது 12 ஆனது. பன்னிரண்டு பேர்தானே என்று நினைத்தேன். அலுவலகத்தில் நால்வர், உறவில் மூவர், பஸ்ஸில் தினம் பார்க்கும் முகங்கள் இரண்டு, அத்தையின் பழைய மாணவர்கள் மூவர். ஒன்பதாம் நாள் இருவர் கைபேசியில் இடமில்லை என்று செயலியை அழித்துவிட்டார்கள். மறுபடி முதல் நாளிலிருந்து. மூன்றாம் முறை நான் கேட்க வாயெடுப்பதற்குள் பஸ் நண்பர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு விட்டுவிட்டேன். உலாவியிலேயே ஆடலாம். முகப்புத் திரையில் குறுக்குவழியாகச் சேர்த்துக்கொண்டால் செயலிபோலவே இருக்கும்.

போலிகளைத் தடுக்கத்தான் இந்த விதி, நியாயமும் இருக்கிறது. 2022 ஜனவரியில் வேர்டில் என்ற பெயரிலேயே போலிகள் ஆப்பிள் கடையில் குவிந்து, பிறகு நீக்கப்பட்டன. அவற்றில் பல, தனியாட்கள் செய்தவை. சின்ன ஆள் என்பதாலேயே ஒருவர் நேர்மையானவர் ஆகிவிடுவதில்லை.

பணப் பரிசு வைத்தால் கூட்டம் வருமே?

வரும், பரிசுக்காக ஆட்டக்காரரிடம் பணம் வாங்கினால் காவல்துறையும் வரும். பணம் கட்டி, பணத்தை எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமை சார்ந்ததா அதிர்ஷ்டம் சார்ந்ததா என்று பாராமல் 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் முள்ளோடையோடு நின்றுவிடும், மத்தியச் சட்டம் அப்பாலும் வரும். எப்படியிருந்தாலும் அத்தை ஒப்பமாட்டார்.

நல்ல விலை வந்தால் விற்பீர்களா?

யோசிப்போம். வார்டில் விற்றதை நான் குறை சொல்லமாட்டேன். ஏழிலக்க டாலர், அதுவும் தனியொருவர் செய்த ஆட்டத்துக்கு. லட்சக்கணக்கானோர் காலை எழுந்ததும் தன் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்றால் அது சுமைதான். அமெரிக்காவில் இன்னொரு சகோதரர் இணை, பால் பெட்னரும் டேவிட் பெட்னரும், 2009இல் ஸ்கிராபிள் போன்ற 'வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்' என்ற கைபேசி ஆட்டத்தைச் செய்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் நிறுவனத்தை ஜிங்கா என்ற ஆட்ட நிறுவனம் 5.33 கோடி டாலருக்கு வாங்கியது. 2022இல் ஜிங்காவை அதைவிடப் பெரிய டேக்-டூ நிறுவனம் வாங்கியது. மீனைத் தின்ற மீனைத் தின்ற மீன். ஆனால் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் கேட்டுப் பாருங்கள், சின்ன மீன் பிடிக்கிறவரும் விலைக்குத்தான் பிடிக்கிறார்.

எங்கள் நிபந்தனை ஒன்றுதான்: பட்டியலோடு அத்தையையும் எடுத்துக்கொள்ள வேண்டும், சம்பளத்தோடு.

நானும் ஓர் ஆட்டம் செய்ய நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து. பிரபலமான எதையும் நினைவூட்டாத பெயராக இருக்கட்டும். நிறங்களையும் கட்ட எண்ணிக்கையையும் உங்கள் மொழியின் தேவைப்படி நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நீலம் அப்படி வந்ததுதான். ஸ்கிராபிளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் வேலையிழந்திருந்த கட்டடக் கலைஞர். செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணித்தான் எழுத்துகளுக்கு மதிப்பெண் வகுத்தார். நீங்களும் ஒரு நாள் தமிழ்ச் செய்தித்தாளை விரித்து எண்ணிப் பாருங்கள். ஔகாரம் எத்தனை அரிது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு, வேலையற்ற ஒரு தமிழாசிரியரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நிரலை எழுதத் தொடங்காதீர்கள்.

நாளைய விடையை முன்கூட்டியே பார்க்க முடியுமா?

முன்பு முடிந்தது. முதல் ஆண்டு பட்டியல் முழுவதும் பக்கத்தின் நிரலுக்குள்ளேயே இருந்தது, வேர்டிலிலும் தொடக்கத்தில் அப்படித்தான். கல்லூரி மாணவர் ஒருவர் நாற்பது நாள் தொடர்ந்து முதல் வாய்ப்பிலேயே வென்றபோது அத்தை அவரை மேதை என்று நினைத்து வாழ்த்து எழுதச் சொன்னார். எழுதினேன். குற்ற உணர்ச்சியில் அவரே உண்மையைச் சொன்னார்.

ஃபெஞ்சல் புயலுக்கு மறுநாள் 'வறட்சி' என்று விடை வைத்தது கேலியா?

சத்தியமாக இல்லை. சொற்களை ஒரு மாதத்துக்கு முன்பே ஏற்றிவிடுவது வழக்கம். 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைபேசிக்கு அலை இல்லை. ஆட்டம் மட்டும் வாடகைக் கணினியில் எங்கோ நிம்மதியாக ஓடிக்கொண்டு, டிசம்பர் 1ஆம் தேதிக்கு விதித்த சொல்லை எல்லாருக்கும் காட்டியிருக்கிறது. இணைப்பு வந்து பார்த்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். சிலர் திட்டியிருந்தார்கள். 'மொட்டை மாடியில் உட்கார்ந்து, சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஏழாவது வாய்ப்பில் கண்டுபிடித்தேன், வேறு எந்தச் சொல்லும் என் நினைவுக்கு வரவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அத்தை அறுபதையும் படித்தார். இப்போதெல்லாம் ஐப்பசி, கார்த்திகைக்கான சொற்களை மொத்தமாகத் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு, ஏழே ஏழு சொல் எழுதித் தருகிறார்.